தலைத் திருநாளும் கேரம் போட்டியும்

தர்மபுரி
27-1-1974

சேசு மரி சூசை

அன்புத் தங்கை இசபெல்லாவுக்கு அண்ணன் வியாகுலம் எழுதுவது.

கல்யாணம் முடிந்து வருகிற முதல் செபஸ்தியார் திருநாள், மாப்பிள்ளைக்கு நம் ஊரில் தலைத் திருநாள் என்று அம்மா ஆட்டுக்கறி எடுத்து, அரிசி ஊறவைத்து, பலகாரம் சுட்டு வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சனிக்கிழமை மாலையே, முதல் நாளே வந்திருந்த உன்னைக் கூட்டிக்கொண்டு பாலக்கோட்டுக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரதம் நம் வீட்டு வாசலுக்கு வந்தபோது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கறியைத் தெருவில் பங்கு போட்டுக் கொடுத்தோம். எனக்கு ஒரு துண்டு இறங்கவில்லை.

நான் என்ன செய்துவிட்டேன் என்று நீயே சொல். இந்த வருஷம் வாலிபர் சங்கக் கேரம் போட்டிக்குத் தொண்ணூற்றாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். போன வருஷத்தைப் போல இரண்டு பங்குக்கு மேல். இருப்பது நான்கு போர்டு. வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு ரதம் கிளம்புவதற்குள் கோப்பை கொடுத்தாக வேண்டும். "தேர எடுத்தப்புறம் பந்தல்ல ஒரு காய் சத்தம் கேக்கக் கூடாது" என்று பங்குச்சாமியார் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு போர்டு கால்மணி நேரம் சும்மா கிடந்தால் அது அன்று முழுவதும் பின்னால் இருக்கிறவர்களை எல்லாம் இடிக்கும். அதனால்தான் சட்டம் போட்டோம். மைக்கில் மூன்று முறை பெயர் கூப்பிடுவது, ஆள் வராவிட்டால் எதிராளிக்கு வாக் ஓவர். பலகையில் வராதவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஜோடியை உட்காரவைப்பது.

பஸ்ஸில் வருகிற தூரத்து ஆட்களுக்கெல்லாம் பிற்பகல் ஆட்டம் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் சனிக்கிழமை மூன்று மணி. மூன்று முறை கூப்பிட்டேன். நல்லம்பள்ளி அர்ச்சுனன் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை வரவில்லை. எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவர் வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்படியே திரும்பிப் போனார். சட்டம் போட்டவனே அதை மீற முடியுமா? பதில் எழுது.

உன் அண்ணன்
வியாகுலம்


பாலக்கோடு
17-2-1974

அண்ணனுக்கு இசபெல்லா எழுதுவது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எத்தனை பேர், எத்தனை போர்டு, சாமியார் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. உன் தங்கை ஊர் போய்ச் சேர்ந்தாளா என்று ஒரு வரி இல்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு மனுஷர் எல்லாம் பஸ்ஸாகத் தெரிகிறார்கள் போலிருக்கிறது.

அன்று பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியவர் பாலக்கோடு வரை திரும்பவில்லை. வீட்டில் என் மாமியார் என்னடா சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறந்தார். "நான் வந்து நிக்கறேன், வரலைன்னு எழுதியிருக்குது. ஊரே படிச்சுட்டுப் போவுது. மருமவன் வரலையாம்." அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆலையில் கரும்பு வண்டி எடை போடுகிற இடத்தில் நாள் முழுக்க வண்டிக்காரர்களோடு கத்திவிட்டு வருகிறவர், வீட்டில் ஊமையாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்தது. எனக்கு நாலாம் மாதம் நடக்கிறது. திருநாளன்று அம்மாவிடம் சொல்லலாம் என்றுதான் அடக்கி வைத்திருந்தேன், சொல்ல விடாமல் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. மே மாதம் ஏழாம் மாதம் வரும். நீயும் அம்மாவும் வளையல் கொண்டுவந்து போட்டு என்னை அழைத்துப் போக வேண்டும். ஆனால் இவர், "அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். நீயும் இங்கயே பெத்துக்க" என்கிறார். மாமியார் நல்லவர்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருந்தாலும் முதல் பிரசவம் அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், நம் வீட்டில் இருக்க வேண்டும்.

அவருக்கு நீ ஒரு வரி எழுது. தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வரி. ஓசூர் பஸ்ஸைக் கண்டக்டர் டீ குடித்து முடிக்கட்டும் என்று நீ நிறுத்தி வைத்ததே இல்லையா? மாப்பிள்ளைக்கு ஒரு பத்து நிமிஷம் நிறுத்தினால் ரதம் ஓடாமல் நின்றுவிடுமா?

இசபெல்லா


தர்மபுரி
10-3-1974

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதிய சேதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுதாள், சிரித்தாள், பிறகு எழுந்து போய்ப் பழைய சேலைகளைத் துவைக்க எடுத்துப் போட்டாள். குழந்தைக்குத் துணி வேண்டுமாம், இப்போதே. நீ நன்றாகச் சாப்பிடு, ஆலை வாசலில் விற்கிற கண்டதையும் வாங்கித் தின்னாதே. நீ ஊர் போய்ச் சேர்ந்ததைக் கேட்காதது தப்புதான்.

ஆனால் மாப்பிள்ளைக்கு நீ சொல்லும் அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. ஏன் என்று கேள். வெள்ளிக்கிழமை காலையில் வத்தல்மலை மல்லையன் என்று ஒருவன் பெயர் வந்தது. மலையில் ராகி, சாமை போடுகிறவன். மலையடிவாரத்துக் கடையில் சாக்குமூட்டை மேல் போர்டை வைத்து ஆடிப் பழகியவனாம். இருட்டோடு கிளம்பி மலை இறங்கி நடந்தே வந்திருக்கிறான். மூன்று முறை கூப்பிட்டேன், ஆள் இல்லை. எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் வந்து நின்றான். போனது போனதுதான் என்றேன். அவன் சண்டை போடவில்லை. அன்று முழுதும் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்கிறபோது மலைக்குத் திரும்பினான்.

மறுநாள் என் தங்கை வீட்டுக்காரருக்கு மட்டும் போர்டை நிறுத்தி வைத்தால் அந்த மனுஷன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? "வெளியாளுன்னா பேர வெட்டுவாங்க, மச்சான்னா காத்துக் கெடப்பாங்க" என்று ஊர் சொல்லுமா சொல்லாதா? சொந்தக்காரர் என்பதாலேயே அன்று நான் இன்னும் கறாராக இருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

இன்னொன்று. பாலக்கோட்டு பஸ் அன்று ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை. அந்த டிரைவரையே விசாரித்தேன். மாப்பிள்ளை நம் ஊர் ஸ்டாப்பில் இறங்கியது மூன்றுக்கு வெகு முன்னால். ஸ்டாப்பிலிருந்து கோயிலுக்கு ஒரு பீடி பிடிக்கிற தூரம். இறங்கினவர் அவ்வளவு நேரம் எங்கே இருந்தார்? மாப்பிள்ளை முறுக்குக் காட்டத்தான் தாமதமாக வந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்றால் காரணத்தைக் கேட்டு எழுது. காரணம் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்.

வியாகுலம்


பாலக்கோடு
21-4-1974

அண்ணனுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதவில்லை. நீ கேட்டதை நானும் கேட்டேன். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். மறுபடி கேட்டால் மறுபடி சைக்கிள்.

போன ஞாயிறு ஈஸ்டர். பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது என் மாமியார், "அந்தப் புள்ள வயித்துல வச்சுக்கிட்டு ஏங்கிக் கெடக்குது, சொல்லித் தொலையேன்டா" என்று அதட்டினார். அப்போதுதான் சொன்னார்.

அவர் நம் ஊர் ஸ்டாப்பில் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார் அண்ணா. புது வேட்டி, கையில் பழமும் அல்வாவும் போட்ட பை. தலைத் திருநாளுக்கு வருகிற மாப்பிள்ளையை மச்சான்காரன் ஊர் எல்லைக்கு வந்து, கையில் இருக்கிற பையை வாங்கிக்கொண்டு கூட்டிப்போக வேண்டும். நமக்குத் தெரியாத வழக்கமா? சித்தப்பா மருமகனை அழைக்க நீதானே மேளத்தோடு போனாய். அப்பா இல்லாத வீட்டில் எனக்கு இருப்பது நீ ஒருவன். நீ வருவாய் என்று அவர் நின்றார். "நானா உள்ள போனா அது கூப்பிடாத வூட்டுக்குப் போற மாதிரி. எங்கண்ணன் அவன் மாமனார் ஊர்ல ரெண்டு மணி நேரம் நின்னான், மச்சான் வந்துதான் கூட்டிட்டுப் போனான்" என்றார்.

இன்னும் கேள். மைக்கில் நீ கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது. மரத்துக்கு மேலேதான் ஒரு குழாயைக் கட்டியிருக்கிறீர்கள். "ஆலை சவரிமுத்து, மூணாம் நெம்பர் போர்டு" என்று உன் குரல் வந்ததாம். "தொண்ணூறு பேரைக் கூப்பிடற மாதிரி என்னையும் குழாய்ல கூப்பிடறாரு. நேர்ல வரலை. சரி, ஆளு வருவாருன்னு ரெண்டாவது தரமும் நின்னேன். மூணாவது தரம் கூப்பிட்டப்புறம் எவனும் வரமாட்டான்னு தெரிஞ்சுது. பையத் தூக்கிட்டு நானே நடந்து வந்தேன். வந்து பார்த்தா பலகையில வரலைன்னு எழுதியிருக்குது." இதை அவர் சொல்லும்போது மாமியார் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்துபோய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது, அதை என்ன சொல்ல. நீ அங்கே அவரைக் காணோம் என்று மைக்கில் கூப்பிடுகிறாய், அவர் இங்கே உன்னைக் காணோம் என்று மரத்தடியில் நிற்கிறார். நடுவில் ஒரு பீடி தூரம்.

இனி கடிதம் வேண்டாம் அண்ணா. அவருக்கு வரி எழுதவும் வேண்டாம். ஏழாம் மாதம் அடுத்த மாதம். நீ நேரில் வா. வந்து கூப்பிட்டால் அனுப்புவார் என்றுதான் என் மனசு சொல்கிறது.

இசபெல்லா


தர்மபுரி
19-5-1974

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் பாதிதான் வாசித்துக் காட்ட முடிந்தது. மீதியை அவளே பிடுங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "உங்கப்பன் இருந்திருந்தா உன்னை நாற்காலியோட தூக்கிட்டுப் போயி ஸ்டாப்புல வச்சிருப்பான்" என்றாள்.

ஓசூர்க்காரர் எந்த பஸ்ஸில் வருவார், அரூர்க்காரர் எந்த பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நேரம் போட்டேன். மாப்பிள்ளை வருகிற பஸ்ஸும் எனக்குத் தெரியும். அவரை அழைக்க ஒருவன் போக வேண்டும், அந்த ஒருவன் நான்தான் என்பது மட்டும் மூளையில் ஏறவே இல்லை. மைக்கைக் கையில் பிடித்திருந்தவனுக்கு அவர் பெயர் தொண்ணூற்றாறில் ஒன்றாகிவிட்டது. அன்று பிற்பகல் எனக்கு ஆட்டம் நன்றாக ஓடுகிறது என்ற சந்தோஷம் வேறு இருந்தது. நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உடனே கிளம்பி வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று சொல்கிறேன், திட்டாமல் கேள். நான் முதலில் வெட்டியது மல்லையனை. அவனுக்கும் என்ன காரணம் இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. அவனை அப்படியே விட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் மட்டும் வந்து நின்றால் அது உறவுக்காக வந்ததாகிவிடும். அதனால் இந்த மாதம் கிடைத்த ஒரே லீவு நாளில் வத்தல்மலை ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கிவிட்டது. இந்தப் பாதையில் இறங்கி வந்தவனிடமா நேரம் பேசினேன் என்று வெட்கமாக இருந்தது.

மல்லையன் களத்தில் இருந்தான். என்னைப் பார்த்ததும் ஏதோ வசூலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னதும், "நான் அப்பவே வந்துட்டன் சார். கால்ல செம்மண்ணு, கோயில் கெணத்துல கழுவிட்டிருந்தன். பேரு கேட்டுது, வந்துட்டன்னு குரலு குடுத்தன். குழாய்ல பாட்டு ஓடுச்சு, உங்க காதுல வுழுல" என்றான். அவன் சம்சாரம் ரங்கம்மாள், "அன்னிக்கு வந்து ரெண்டு நாளு யாருகூடவும் பேசல இவரு. இப்ப சிரிக்கறாரு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே எனக்குக் களி போட்டாள். பிள்ளைத்தாய்ச்சித் தங்கை இருக்கிறாள் என்றதும் ஒரு சீசா தேன் கொடுத்தாள். உனக்காக வைத்திருக்கிறேன்.

மலை இறங்கும்போது யோசித்தேன். பெயர் கூப்பிட்டு ஆள் வரவில்லை என்றால் வெட்டுவானேன்? அடுத்த ஜோடியை உட்காரவைத்துவிட்டு, வராதவர் ஆட்டத்தை அந்தச் சுற்றின் கடைசிக்குத் தள்ளினால் போதும். போர்டு சும்மா கிடக்காது, எதிராளியும் அதுவரை டீ குடித்துவிட்டு வரலாம். சுற்று முடியும்வரை வராதவன்தான் உண்மையில் வராதவன். சங்கத்தில் சொன்னேன். இந்த வருஷம் கோப்பை வாங்கிய அர்ச்சுனன் மட்டும் அதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்து எகிறினான். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது கல்யாண முகூர்த்தம், ஸ்பெஷல் பஸ் விட்டு மாளவில்லை. கம்பெனியில் லீவு கேட்டால் வேலையை விட்டுப் போ என்கிறார்கள். ஏழாம் மாதம் தப்பிவிடும், தெரியும். ஒன்பதாம் மாதம் அழைப்பதும் வழக்கம்தான் என்று அம்மா சொல்கிறாள். ஜூலை முதல் ஞாயிறு, ஏழாம் தேதி, நானும் அம்மாவும் வளையலோடு வருகிறோம். மாப்பிள்ளை என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

வியாகுலம்


பாலக்கோடு
12-7-1974

அண்ணனுக்கு,

நீ யார் முறை முதலில் என்று வரிசை பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மருமகள் வரிசை பார்க்கவில்லை. நீ வருவதாகச் சொன்ன ஞாயிறுக்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை விடியற்காலையில், இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டாள். பெண் குழந்தை. அம்மாவின் மூக்கு. நானும் நன்றாக இருக்கிறேன்.

ஆனால் அந்த இரவு நான் உன்னை நினைத்து அழுதேன், அதைச் சொல்லாமல் விடமாட்டேன். வலி எடுத்தபோது அம்மா இல்லை. ஏழாம் மாதமே நீ வந்திருந்தால் அம்மா மடியில் இருந்திருப்பேன். மல்லையனிடம் போனது நியாயம்தான். அந்த நியாயத்தில் என் முறை மட்டும் கடைசியாக வந்தது.

அவர்தான் தந்தி கொடுத்தார். அம்மா வந்து இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, "வாங்கத்தே" என்று கூட்டி வந்தாராம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாளாம், "அதெல்லாம் எதுக்கு, மொதல்ல புள்ளையப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். நீ மட்டும் வரவில்லை. ஏழாம் தேதி வருகிறேன் என்று எழுதினவன் அன்றைக்காவது வந்திருக்கலாம். அன்று சாயங்காலம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஞானஸ்நானம் இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து. முதல் பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பனாக நின்று மெழுகுவத்தி பிடிக்க வேண்டும். இங்கே சில பேர் இவருடைய அண்ணன் நிற்கட்டும் என்கிறார்கள். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிரசவம்தான் இங்கே ஆகிவிட்டது. இனிமேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு நான் வருவேனா மாட்டேனா என்பது அன்று நீ வந்து நிற்பதில்தான் இருக்கிறது. அன்றைக்கும் உன் இடத்தில் வேறொருவர் நின்றுவிட்டால் பிறகு ஒட்டவைக்க ஒன்றும் இல்லை. வா அண்ணா.

இசபெல்லா


தர்மபுரி
18-7-1974

அன்புத் தங்கைக்கு,

ஏழாம் தேதி நான் வந்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே மாப்பிள்ளையின் சைக்கிள் நின்றிருந்தது. பெற்றவள் படுத்திருக்கிற இடத்தில் போய்ப் பழைய பேச்சு எழுந்து சத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று எதிர்க் கடையில் உட்கார்ந்தேன். சைக்கிள் வெளியே வந்தால் உள்ளே போகலாம் என்று இருந்தேன். அவர் கடைசி வரை உன் பக்கத்தை விட்டு நகரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, திரும்பிவிட்டேன். மாப்பிள்ளை முறுக்கு என்று எழுதினவன் நான், பயந்துகொண்டு ஓடிவந்தவனும் நான்தான்.

உன் முறையைக் கடைசியில் போட்டது உண்மை.

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். முதல் பஸ். அந்த பஸ்ஸை நான்தான் அனுப்பி வைக்கிறவன், அதனால் பூசை தொடங்குவதற்கு முன்பே அங்கே இருப்பேன். குழந்தைக்குச் சட்டை தைத்தாகிவிட்டது.

வியாகுலம்


பாலக்கோடு
4-8-1974

அண்ணனுக்கு,

அன்று நீ அவசரமாகத் திரும்பினாய். வந்து இறங்கியபோதும் உன் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கே எங்களுக்கு நேரம் போதவில்லை. சோமனஹள்ளி தாண்டி பஸ் உடைந்து நின்று, தக்காளி மண்டிக்கு வந்த டிராக்டரில் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்து சேர்ந்தவனை என்ன சொல்வது. சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. அதோடு மெழுகுவத்தி பிடித்த ஞானத்தகப்பன் இந்தக் கோயிலில் நீ ஒருவன்தான் இருப்பாய்.

நீ வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

பூசை முடிந்து வெகு நேரமாகிவிட்டது. கோயிலில் நாங்கள் மட்டும்தான். பிள்ளை பசியில் கத்துகிறது. சாமியார் வாட்சைப் பார்க்கிறார், அடுத்த ஊரில் அவருக்கு இன்னொரு பூசை. "தாய்மாமன் வரலைன்னா வேற யாராச்சும் நில்லுங்கப்பா" என்றார். இவருடைய அண்ணன் முன்னால் வந்து மெழுகுவத்தியைக் கையில் எடுத்தும்விட்டார். அவர் மேல் தப்பில்லை, பிள்ளை அழுகிறதே என்றுதான். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று நினைத்துவிட்டேன் அண்ணா. உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இவர் அப்போது ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். "அண்ணா, அதைக் கொஞ்சம் கீழ வை" என்றார். பிறகு சாமியாரிடம் வந்து, "பஸ்ஸுதான் வரலை சாமி. அவரு கெளம்பிட்டாரு" என்றார்.

"உனக்கு எப்படிய்யா தெரியும்? தந்தி கிந்தி வந்துச்சா?" என்று கேட்டார் சாமியார்.

"தந்தி எதுக்கு சாமி. நேரம் ஆச்சுன்னு கூடப்பொறந்தவ புருசன் பேரையே வெட்டுன மனுசன். அவரு நேரத்துக்குக் கெளம்பாம இருப்பாரா?"

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் சிரிக்கவே இல்லை, மெய்யாகத்தான் சொன்னார். அடுத்த ஊருக்குத் தன் சைக்கிளிலேயே ஆளை அனுப்பி, சாமியார் வரத் தாமதமாகும் என்று சொல்லச் செய்தார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் நடையில் மேலும் கீழும் நடந்தார். அதற்குள் யாரோ மறுபடி வேறு ஆளை நிறுத்தலாம் என்று ஆரம்பித்தார்கள். "எம்மவளுக்குத் தாய்மாமன் ஒருத்தருதான்" என்றார். அதோடு எல்லோரும் அடங்கிவிட்டார்கள். நீ வாசலில் தக்காளியோடு வந்து நின்றபோது அவர் ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, "வாங்க மச்சான், சாமி காத்துக்கிட்டிருக்காரு" என்றார், அவ்வளவுதான் நீ பார்த்தது.

எனக்கு இவரைக் கட்டிக்கொண்டதற்குச் சந்தோஷமாக இருக்கிறது. உன்னோடு கூடப் பிறந்ததற்கும்தான், நடுநடுவில் கழுத்தைப் பிடிக்கத் தோன்றினாலும்.

ஆகஸ்டு பதினைந்து, மோட்ச ராக்கினித் திருநாளன்று, ஆலை விடுமுறை. என்னையும் குழந்தை செபஸ்தியம்மாளையும் இவரே கூட்டிவந்து நம் வீட்டில் விடுகிறார். ஒன்பது மணி பஸ்ஸில் வருவோம். "ஸ்டாப்புக்கெல்லாம் ஒருத்தரும் வர வேண்டாம்னு எழுதிடு. மாமியார் வூட்டுக்கு எனக்கு வழி தெரியும்" என்று சொல்கிறார்.

அவர் அப்படித்தான் சொல்வார். நீ போய் நில்.

இசபெல்லா